எட்டுப் பாகத் தண்ணீர்

வடசென்னைக் கொருக்குப்பேட்டையில் எதைக் கேட்டாலும் டன் கணக்குதான். ரயில்வே கேட் போட்டுவிட்டால் வரிசை கட்டி நிற்கும் லாரிகளில் பத்து டன் வண்டி எது, பதினாறு டன் வண்டி எது என்று பள்ளிக்கூடப் பையன்கூடச் சக்கரங்களை எண்ணிச் சொல்லிவிடுவான். யார்டில் இறங்கும் மூட்டை, எண்ணெய்க் கம்பெனி டேங்கர், துறைமுகத்திலிருந்து வரும் கன்டெய்னர் எல்லாமே அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். அங்கிருந்து கிழக்கே தண்டையார்பேட்டையைக் கடந்து காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போக இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். ஆனால் அங்கே கணக்கு வேறு.

“நேத்து எவ்ளோ தூரம்ணே போனீங்க?” என்று ஃபைபர் படகுக்காரர் ஒருவரைக் கேட்டேன்.

“பதினெட்டு பாகம்.”

கேட்டது தூரம், வந்த பதில் ஆழம். இந்தக் கரையில் அதுதான் சரியான பதில். சோழமண்டலக் கடற்கரையின் பெரும்பகுதியில் தரை மெள்ள மெள்ளச் சரிந்து இறங்குகிறது. பதினெட்டுப் பாகம் என்று சொன்னால் கரையிலிருந்து எவ்வளவு தள்ளி, அடியில் சேறா மணலா பாறையா, என்ன மீன் படும், திரும்பி வர எத்தனை நேரம், எவ்வளவு டீசல் என்பதெல்லாம் கேட்கிறவருக்கு விளங்கிவிடும். கிலோமீட்டரில் சொன்னால் இதில் பாதிகூடத் தெரியாது. கடலுக்குள் ஒரு இடத்துக்கு முகவரி அதன் ஆழம்தான்.

பாகம் என்பது இரண்டு கையையும் விரித்தால் ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை உள்ள நீளம். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் ஒப்பித்த நீட்டல் வாய்பாட்டில் இது வருகிறது: 12 விரல் ஒரு சாண், 2 சாண் ஒரு முழம், 4 முழம் ஒரு பாகம், 6000 பாகம் ஒரு காதம். நிலத்தில் நடக்கும் காதத்துக்கும் கடலில் இறங்கும் ஆழத்துக்கும் ஒரே அளவுதான் அடிப்படை. காதம் போய்விட்டது, பழைய கதைகளில் மட்டும் ஆட்கள் காத தூரம் நடக்கிறார்கள். சாணும் முழமும் பேச்சில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வாய்பாட்டில் இவற்றுக்கு நடுவே நின்ற பாகம் நிலத்தை விட்டு அகன்று கடலில் தங்கிக்கொண்டது. ஊருக்குள் இன்று பாகம் என்றால் சினிமாவின் இரண்டாம் பாகம், கோர்ட்டில் பாகப்பிரிவினை. காசிமேட்டில் பிறக்காதவருக்கு அது ஒரு நீளம் என்பதே செய்தி.

அளக்கிறவரின் உடம்பே அளவுகோல் என்றால் ஏமாற்று வராதா? வரும். கொருக்குப்பேட்டை மார்க்கெட்டில் பூக்காரம்மா முழம் போடும்போது கவனித்தால் தெரியும். முழங்கையிலிருந்து புறப்பட்ட சரம் நடுவிரலைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே மடங்கிவிடும். வாங்குகிற பெண், “என் கையால அளந்து குடும்மா” என்பாள். பேரம் சரத்தின் விலையைப் பற்றியது அல்ல, யாருடைய கை என்பதைப் பற்றியது. கடலில் அந்தப் பேரத்துக்கு இடமில்லை. கயிற்றை அளப்பவரும் அதை நம்பி நங்கூரம் போடுபவரும் ஒருவரே. தன் கையால் தன்னையே ஏமாற்றிக்கொண்டு யாரும் கடலுக்குப் போவதில்லை.

வலை பின்னும் கொட்டகையின் நிழலில் ஒரு பெரியவர் நைலான் கயிற்றை அளந்துகொண்டிருந்ததை நின்று பார்த்தேன். இடது கையில் கயிற்றின் முனை. வலது கை கயிற்றை மார்புக்குக் குறுக்கே இழுத்து விரிகிறது. தோள் முழுக்கத் திறந்ததும் ஒரு கணம் நிறுத்தம். உதடு ஓர் எண்ணைச் சொல்லாமல் சொல்கிறது. வலது கை பிடித்த இடத்தை இடது கை வாங்கிக்கொள்ள, அளந்த கயிறு காலடியில் வளையமாக விழுகிறது. பத்துக்கு ஒருமுறை ஒரு துணிக்கிழிசலைக் கயிற்றின் புரிக்குள் நுழைத்து முடிந்தார். எட்டுப் பாகத் தண்ணீருக்கு எவ்வளவு கயிறு வேண்டும் என்று கேட்டேன். “இருவத்தி நாலு. காத்து இருந்தா இன்னும் விடணும்” என்றார். ஆழத்தைப் போல் மூன்று மடங்காவது கயிறு விட்டால்தான் நங்கூரம் தரையில் படுத்துப் பிடிக்கும்; செங்குத்தாக இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அவருக்கு ஐந்தரை அடி உயரம் இருக்கும். விரித்த கையின் நீளம் பெரும்பாலும் ஆளின் உயரத்தை ஒட்டியே அமையும் என்பதால் அவருடைய பாகமும் ஐந்தரை அடிதான்.

அகராதியில் ஒரு பாகம் ஆறடி. அது வெள்ளைக்காரன் கணக்கோடும் பொருந்துகிறது. ஆங்கிலேயரின் ஃபேதம் 6 அடி, அதாவது 1.8288 மீட்டர். அந்தச் சொல்லுக்கும் பழைய ஆங்கிலத்தில் விரித்த கை, கட்டியணைப்பு என்றே பொருள். கிரேக்கரின் ஓர்கியா, ஸ்பானியரின் பிராசா, ஜப்பானியரின் ஹிரோ, கேரளத்தாரின் மாறு, தெலுங்கரின் பார எல்லாம் கையை விரித்த அளவுதான். இவர்கள் யாரும் யாரிடமும் கற்றிருக்க வேண்டியதில்லை. தண்ணீருக்குள்ளிருந்து கயிற்றை இழுக்கிற எவனும் கை மாற்றிக் கை மாற்றித்தான் இழுப்பான். இழுத்த இழுப்பை எண்ணினால் ஆழம் தானாகவே கிடைத்துவிடும். அளப்பதற்கென்று தனியாக ஒரு வேலை இல்லை.

இது எவ்வளவு பழைய பழக்கம் என்பதற்குக் கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் சாட்சி. எகிப்தை நோக்கிக் கப்பலில் போகிறவன் கரைக்கு இன்னும் ஒரு நாள் பயணம் இருக்கும்போதே ஈயக்குண்டை இறக்கினால் பதினோரு ஓர்கியாவில் நைல் நதியின் சேறு ஒட்டிக்கொண்டு வரும் என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்திருக்கிறார். கரை கண்ணுக்குத் தெரியவில்லை, சேறு கைக்கு வந்துவிட்டது. பின்னால் வந்த ஐரோப்பிய மாலுமிகள் குண்டின் அடியில் ஒரு குழி வைத்து அதில் மாட்டுக் கொழுப்பை அப்பினார்கள். மணலோ கிளிஞ்சலோ சேறோ அதில் ஒட்டி மேலே வரும். இருட்டில் குண்டு வீசுகிறவன் கயிற்றைத் தடவியே எண்ணைச் சொல்ல வேண்டும் என்பதற்காக 2 பாகத்தில் இரண்டு தோல் பட்டை, 3 பாகத்தில் மூன்று, 5இல் வெள்ளைத் துணி, 7இல் சிவப்புக் கம்பளித் துணி, 10இல் ஓட்டை போட்ட தோல் என்று அடையாளம் வைத்தார்கள். துணிக்குத் துணி ஏன் ரகம் மாறியது என்றால், கண் தெரியாத நேரத்தில் விரலும் உதடும் வித்தியாசம் காண வேண்டும். காசிமேட்டுப் பெரியவரின் துணிக்கிழிசல் இந்த வரிசையைப் பார்த்துப் பழகியதா, அவர் பாட்டன் வழியில் வந்ததா என்று பிரித்துச் சொல்வது வீண். இரண்டு பக்கத்துக்கும் தேவை ஒன்றுதான்.

தமிழில் ஆழம் அளக்கும் கயிற்றுக்கு விழுது என்றொரு பெயர் உண்டு. அதைப் பல பேர் ஞாயிற்றுக்கிழமை காதால் கேட்டுமிருக்கிறார்கள், கவனித்திருக்க மாட்டார்கள். பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகளின் 27ஆம் அதிகாரத்தில் பவுல் ஏறிய கப்பல் புயலில் அலைக்கழிந்து மால்டாத் தீவை நெருங்குகிற கட்டம். நள்ளிரவில் கரை கிட்டே வருவதாக மாலுமிகளுக்குத் தோன்றுகிறது. ஆழம் பார்க்கிறார்கள், முதலில் இருபது, சற்றுத் தள்ளிப் பதினைந்து. புராட்டஸ்டன்ட் சபைகள் இன்றும் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் அந்த இரண்டும் பாகம், இறக்கியது விழுது. கிரேக்க மூலத்தின் ஓர்கியாவுக்குச் சொல் தேடியவர்கள் பண்டிதரிடம் போகாமல் கடற்கரைக்குப் போயிருப்பார்கள் என்றே தோன்றுகிறது. கடல் தெரிந்தவர்களுக்கு அந்த அதிகாரத்தை விளக்க வேண்டியதில்லை. இருபது பதினைந்தாகிற வேகத்தைக் கேட்டாலே, அடுத்து நங்கூரம்தான் என்று அவர்களுக்குத் தெரியும். நடந்ததும் அதுதான்: பின்பக்கத்திலிருந்து நான்கு நங்கூரம் போட்டுவிட்டு எப்போது விடியும் என்று காத்திருந்தார்கள்.

இனி டன்னுக்கு வருகிறேன், ஏனென்றால் அதுவும் கப்பலில் பிறந்த சொல்தான். கொருக்குப்பேட்டை லாரி புக்கிங் ஆபீஸில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். பிரான்சின் போர்தோ துறையிலிருந்து இங்கிலாந்துக்கு ஒயின் ஏற்றிய பெரிய பீப்பாய்க்கு டன் என்று பெயர். 252 காலன் கொள்ளும். ஒரு கப்பல் எவ்வளவு பெரியது என்பதை அதில் எத்தனை பீப்பாய் அடுக்கலாம் என்பதை வைத்துச் சொன்னார்கள், அதை வைத்தே வரியும் போட்டார்கள். பீப்பாய் போன பிறகும் பெயர் நின்றது. 1854இல் ஆங்கிலேயர் கப்பலின் உள்ளிடத்தை 100 கன அடிக்கு ஒரு டன் என்று கணக்கிட்டுப் பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். எடைக்கு டன் வேறு வழியில் போய், இன்று மெட்ரிக் உடுப்பு மாட்டிக்கொண்டு ஆயிரம் கிலோவாக நம் கேட்டில் நிற்கிறது.

ஆக, இந்தப் பகுதியில் புழங்கும் இரண்டு கப்பல் சொற்களில் ஒன்று சரக்குக்கு உரியவனின் அளவு, மற்றது கயிறு பிடித்தவனின் அளவு. டன்னுக்குச் சட்டமும் ரசீதும் எடைமேடையும் உண்டு. பாகத்துக்குத் தோள்பட்டை மட்டும். ஆனால் இதை ரொம்பவும் உருகிச் சொல்லிவிடக் கூடாது. கை அளவிலும் முதலாளி புகுந்திருக்கிறான். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கலைக்களஞ்சியங்கள் மூன்று வகை ஃபேதத்தைச் சொல்கின்றன: போர்க்கப்பலில் ஆறடி, வணிகக் கப்பலில் ஐந்தரை, சின்ன மீன்பிடிப் படகில் ஐந்து. மீன்பிடிப்பவனின் கை மட்டும் குட்டையாகிவிடுமா? கயிறு வாங்குகிற செலவு யார் தலையில் என்பதைப் பொறுத்துக் கை நீண்டும் குறுகியும் இருக்கிறது. ஜப்பானிலும் இதே கதைதான். அரசு ஹிரோ ஆறு ஷாக்கு. மீன்பிடிக்காரர் ஹிரோ ஐந்து.

சென்னைப் பட்டினத்தின் பழைய வாழ்க்கையே ஏழெட்டுப் பாகத் தண்ணீரில் நடந்ததுதான். ஆங்கிலேயர் கோட்டை கட்டி 200 ஆண்டுக்கு மேல் இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு வர முடியாமல், கோட்டைக்கு எதிரே மைல் கணக்கில் தள்ளி, ஏழு முதல் ஒன்பது பாகத்தில் நங்கூரமிட்டு ஆடிக்கொண்டிருக்கும். ஆணி அடிக்காமல் தேங்காய்நார்க் கயிற்றால் பலகை தைத்த மசூலாப் படகுகள் அலை முறியும் இடத்தைத் தாண்டிப் போய் ஆளையும் சரக்கையும் இறக்கும். தண்டல் சுக்கான் துடுப்பைப் பிடித்துத் தக்க அலைக்காகக் காத்திருப்பான். படகு போக முடியாத நாளில் கட்டுமரத்தில் ஒருவன் ஓலைத் தொப்பிக்குள் கடிதத்தை நனையாமல் செருகிக்கொண்டு போவான். அந்த ஏழெட்டுப் பாகத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: புயல் வந்தால் அங்கே தங்க முடியாது, கயிற்றை வெட்டிவிட்டு ஆழ்கடலுக்கு ஓட வேண்டும். 1746 அக்டோபரில் கோட்டையைப் பிடித்த கையோடு அங்கே நின்ற பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பல்களை ஒரே இரவுப் புயல் சின்னாபின்னமாக்கிவிட்டது. இப்படிப்பட்ட புயல்களுக்கு அஞ்சித்தான் அந்தக் காலத்தில் அக்டோபர் பாதியில் கோட்டைக் கொடிமரத்தை இறக்கிவிடுவார்கள். இனி இங்கே நங்கூரம் போடுவது உன் பாடு என்று அர்த்தம்.

இந்த ஆழங்களையெல்லாம் காகிதத்தில் ஏற்ற வந்தவர்களில் முதன்மையானவர் மைக்கேல் டாப்பிங். 1780களில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சோழமண்டலக் கடற்கரையை அளந்தவர். நுங்கம்பாக்கத்து வானாய்வு நிலையமும் பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்த சர்வே பள்ளியும் இவர் முயற்சியில் எழுந்தவை. பிரிட்டிஷ் கடல் வரைபடத்தில் கரையை ஒட்டித் தூவிக் கிடக்கும் சின்னச் சின்ன எண்கள் எல்லாம் ஃபேதம்தான். ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் குண்டை வீசிக் கயிற்றை இழுத்த ஒருவன் இருக்கிறான். அந்தக் கைகளில் எத்தனை இந்த ஊர்க் கைகள் என்று வரைபடம் சொல்வதில்லை. எண் மட்டும் மிஞ்சியது, அதுவும் இங்கிலாந்து ராஜாவின் சொத்தாக.

ஆனால் இங்கிருந்தவர்களுக்கும் சொந்தக் கருவி இருந்தது. 1850 வாக்கில் மதராஸ் பீரங்கிப் படை அதிகாரி காங்கிரீவ் என்பவர் உள்ளூர் மாலுமிகளின் உத்திகளைப் பற்றி மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்ட் சயின்ஸ் இதழில் எழுதினார். அதில் ஒரு சிறு பலகை வருகிறது. நடுவில் ஒரு கயிறு, கயிற்றில் முடிச்சுகள். பலகையின் கீழ் விளிம்பை அடிவானத்திலும் மேல் விளிம்பைத் துருவ நட்சத்திரத்திலும் பொருத்திக் கயிற்றை இழுத்துப் பிடித்தால், எந்த முடிச்சு பொருந்துகிறதோ அந்தத் துறைமுகத்துக்கு நேரே படகு வந்துவிட்டது. ஒவ்வொரு முடிச்சும் ஓர் ஊர். அராபியரும் இதே உத்தியை வைத்திருந்தார்கள். நட்சத்திர உயரத்துக்கு அவர்கள் அளவு விரல், இன்றைய கணக்கில் சுமார் 1.6 பாகை. அவர்கள் கடல் தூரத்தைச் சொன்ன ஜாம், மூன்று மணி நேர ஓட்டம், நம்முடைய ஜாமத்தோடு ஒட்டிய சொல். வானத்துக்கு விரல், கடலடிக்குப் பாகம், தூரத்துக்குப் பொழுது. ஓர் ஆள் உடம்பும் ஒரு நாளும் இருந்தால் வங்காள விரிகுடாவைக் கடந்துவிடலாம் என்கிற துணிச்சல் இந்தக் கணக்கில் இருக்கிறது.

கொருக்குப்பேட்டையை ஒட்டி ஓடும் பக்கிங்காம் கால்வாய்க்கு இவை ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. எண்ணூர் வரை கால்வாய் வெட்டியது 1800களின் தொடக்கத்தில். உப்பும் விறகும் ஏற்றிய படகுகளைக் கழி ஊன்றித் தள்ளிக்கொண்டு போவார்கள். தள்ளுகிற கழியே ஆழமும் சொல்லிவிடும். இன்றைய கால்வாயில் கழியை ஊன்றினால் அது எதில் நிற்கும் என்பதை எழுதாமல் விடுகிறேன்.

1875இல் துறைமுகச் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். 1881 நவம்பர்ப் புயல் கட்டியதைப் பெயர்த்துப் போட்டது. மறுபடி கட்டி, 1904இல் பிரான்சிஸ் ஸ்பிரிங் துறைமுகப் பொறுப்புக்கு வந்த பிறகு கிழக்கே பார்த்த வாயிலை வடகிழக்குக்கு மாற்றினார்கள். இந்தக் கரையில் மணல் ஆண்டு முழுக்கக் கூட்டிக் கழித்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வராமல் ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. கல் கொட்டினார்கள், இன்னும் கொட்டுகிறார்கள். அதன் பிறகு எண்ணூரில், காட்டுப்பள்ளியில் என்று புதுத் துறைமுகங்கள். ஒவ்வொன்றும் தனக்கு வடக்கே உள்ளவனின் கணக்கைக் கலைத்தது. அப்பா ஐந்து பாகம் என்று சொல்லிக்கொடுத்த இடத்தில் மகன் குண்டைப் போட்டால் வேறு எண் வருகிறது.

மெட்ரிக் முறை வந்தது 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால். பக்காவும் வீசையும் மெல்ல மறைந்தன. நம் கடல் வரைபடங்களும் மீட்டருக்கு மாறின. அவற்றை வெளியிடும் தேசிய நீர்ப்பரப்பு அலுவலகம் இருப்பது டேராடூனில், இமயமலை அடிவாரத்தில். கடலைப் பற்றிய எண்ணெல்லாம் மலையிலிருந்து வருகிறதே என்று நினைத்துக்கொள்வேன். காசிமேட்டில் சட்டம் பாகத்தைத் தொடவில்லை. தொட வந்தது இயந்திரம். லாஞ்சு என்கிற விசைப்படகுகளில் எக்கோ சவுண்டர் ஏறியது. கயிறும் வேண்டாம், குண்டும் வேண்டாம்; ஒலியை அனுப்பித் திரும்பி வரும் நேரத்தில் ஆழம் தெரிந்துவிடும். சொல் அத்தோடு போயிருக்க வேண்டும். போகவில்லை. காரணம் ஜப்பான்காரன். நாகசாகி மீனவர்களோடு பழகி 1948இல் முதல் மீன்காட்டும் கருவியை விற்க ஆரம்பித்த ஃபுருனோவின் இயந்திரங்களில் அளவைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலைத் திறந்தால் மீட்டர், அடி, ஃபேதம், ஹிரோ, பிராசா எல்லாம் வரிசையாக இருக்கும். எந்தக் கடலோரத்தில் எந்தக் கையோ அந்தக் கை. நம் பாகம் அதில் தன் பெயரில் இல்லை. ஃபேதத்தின் பெயரில் ஓட்டுகிறார்கள்.

மீட்டரில் வைத்திருப்பவரும் உண்டு. லாஞ்சு டிரைவர் ஒருவர் திரையில் 20 என்று காட்டியதைப் பார்த்துவிட்டு வாய்விட்டு “பதினோரு பாகம்” என்றார். எப்படி என்றேன். “ரெண்டால வகு, பத்துக்கு ஒண்ணு கூட்டிக்கோ.” கால்குலேட்டரில் 10.94 வருகிறது.

சட்டம் வேறொரு அளவைப் பிடித்துக்கொண்டது. 1970களின் பிற்பகுதியில் கட்டுமரக்காரர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் கடலில் கைகலப்பு முற்றி, சென்னையிலும் படகு எரிந்தது. அதன் விளைவாக வந்த 1983ஆம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்றது. கடல் மைல் 1852 மீட்டர். பூமி உருண்டையை 360 பாகையாக்கி, பாகையை 60 கலையாக்கி, ஒரு கலைக்கு இவ்வளவு நீளம் என்று கண்டது. அதில் எவன் கையும் இல்லை. தண்ணீர் மேல் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாது. ஜிபிஎஸ் வரும்வரை எந்தப் படகு உள்ளே, எந்தப் படகு வெளியே என்று இரு தரப்பும் சத்தியம் செய்துகொண்டிருந்தார்கள். இறாலுக்கோ கடல் மைல் தெரியாது. அது கரைப்பக்கச் சேற்றைத் தேடி வரும், அதன் பின்னால் லாஞ்சும் வரும். கேரளத்தில் எல்லையை வகுத்தபோது ஆழத்தையும் எடுத்துக்கொண்டார்கள், தெற்குக் கரைக்கு ஓர் எண், வடக்குக்கு அதைவிடக் குறைந்த எண். இது எனக்கு நியாயமாகவே படுகிறது. கடலில் வேலை செய்கிறவன் எந்த மொழியில் இடத்தைச் சொல்கிறானோ அந்த மொழியில் சட்டம் பேசினால் என்ன குறைந்துவிடும்?

இதை ஃபைபர் படகுக்காரரிடம் சொன்னபோது அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. “எட்டு பாகத்துக்குள்ள வராதன்னு எழுதட்டும் தம்பி. போலீஸ் வேணாம், ஜிபிஎஸ் வேணாம். கயித்தப் போட்டு நானே காட்டுறேன்” என்றார்.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த லாஞ்சு டிரைவர் கிளாஸை வைத்தார். “ஏன் நைனா, எண்ணூர்ல போர்ட்டு கட்டுனான், காட்டுப்பள்ளில கட்டுனான், ட்ரெஜ்ஜர் உட்டு அங்க வாரி இங்க கொட்றான். போன வருசம் ஆறு இருந்த எடம் இந்த வருசம் ஒம்போது. அப்ப உன் எட்டு பாகம் எங்க கீது, சொல்லு?”